பக்கத்தில் இருப்பவருக்குப் பயிற்சி தரும்போது சறுக்கும் இடங்கள்

1976இல் அமெரிக்காவில் ஷாட்லண்ட், ஸ்ட்ரா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சண்டையை நடிக்க வைத்தார்கள். ஆண் ஒருவன் பெண்ணைப் பிடித்து உலுக்குகிறான். “உன்னை யாருன்னே எனக்குத் தெரியாது” என்று அவள் கத்தியபோது, பார்த்தவர்களில் 65 விழுக்காட்டினர் தலையிட்டார்கள். “உன்னைப் போய் ஏன் கட்டிக்கிட்டேனோ” என்று கத்தியபோது 19 விழுக்காட்டினர்தான் அசைந்தார்கள். உலுக்கியது ஒரே மாதிரிதான். உறவு என்று தெரிந்ததும் ஊர் ஒதுங்கிக்கொண்டது.

காதல் உறவில் நடக்கும் வன்முறையைப் பக்கத்தில் இருந்து பார்க்க நேர்ந்தால் தடுக்க, மலேசியத் தமிழ் மாணவர்களைப் பழக்குகிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது இந்த ‘அவங்க ரெண்டு பேர் விஷயம்’ என்ற எண்ணத்தில்தான். பல பட்டறைகள் அதைத் தொடுவதே இல்லை. வன்முறையின் வகைகள், வரைபடம், உதவி எண்கள் என்று நாற்பது ஸ்லைடு ஓடும். முடிந்து வெளியே வரும் மாணவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாமாக் உணவுக்கடையில் பக்கத்து மேசைக்காரன் காதலியின் முழங்கையை முறுக்கும்போது என்ன சொல்வது என்பது மட்டும் தெரியாது.

அடி விழுந்தால்தான் கணக்கு

கைப்பேசியின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவது, லைவ் லொக்கேஷனை அணைக்க விடாதது, பி.டி.பி.டி.என் என்ற அரசு கல்விக் கடன் பணம் வந்ததும் வங்கி அட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, தோழிகளை ஒவ்வொருவராக வெட்டிவிடுவது. இவற்றை நம் பிள்ளைகள் ‘பொசஸிவ்’ என்ற ஒரு சொல்லில் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். பட்டறையில் இப்படி பத்துப் பன்னிரண்டு நடத்தைகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ‘சரி’ முதல் ‘ஆபத்து’ வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். லொக்கேஷன் அட்டையில் கட்டாயம் வாக்குவாதம் வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “முடியாதுன்னு சொன்னா என்ன நடக்கும்?” மறுக்கப் பயமிருந்தால் அதை அக்கறைக் கணக்கில் எழுத முடியாது. பாதிக்கப்படுபவர் பையனாக இருக்கும் அட்டைகள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் அறையில் உள்ள ஆண்கள் தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டதாக நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

துணிச்சலை மட்டும் கற்றுக்கொடுப்பது

நேரே போய்த் தடுப்பது பல வழிகளில் ஒன்று; தனியாக இருப்பவருக்கு அது பெரும்பாலும் சரியான வழியும் இல்லை. கவனத்தைத் திருப்புவது, இன்னொருவரை அழைப்பது, பிறகு போய் விசாரிப்பது, நடந்ததைக் குறித்து வைப்பது ஆகியவற்றையும் சேர்த்துப் பழக்க வேண்டும்.

இவற்றில் அதிக நேரம் கவனத்தைத் திருப்புவதற்கே கொடுங்கள். “தங்கச்சி, லெக்சரர் உன்னைத் தேடுறாங்க.” “மச்சான், உன் பைக்க கொஞ்சம் நகர்த்தணும் லா.” “இங்க சார்ஜர் இருக்கா?” இவ்வளவு போதும். அவனுடைய கோபம் அறுபது விநாடி அறுபட்டால் அவள் எழுந்து போக ஒரு வழி கிடைக்கும். மூன்று பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒரு நிமிடக் காட்சியை மூன்று முறை இடம் மாற்றி நடிக்க வையுங்கள். முதல் முறை எல்லோரும் சிரிப்பார்கள், வில்லனாக வருபவன் சினிமா வசனம் பேசுவான். அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்றாவது முறையில்தான் சொற்கள் நாக்கில் உட்காரும். உண்மையான காதல் ஜோடியை மட்டும் ஒரே குழுவில் போடாதீர்கள். அடிப்பதுபோல் நடிப்பதும் வேண்டாம்.

பயிற்சி தமிழில் நடக்கிறது என்பதற்காக வசனம் எல்லாம் தமிழிலேயே இருந்துவிடக் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் காவலாளியிடம் ஓடினால் “பாங், தோலோங், பெரெம்புவான் இத்து கெனா புக்குல்” (அண்ணே, உதவுங்க, அந்தப் பெண்ணை அடிக்கிறாங்க) என்று மலாயில்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கத்தி, போத்தல் கையில் இருந்தாலோ கழுத்தை நெரித்தாலோ பேச்சு வேண்டாம், தள்ளி நின்று 999.

பசங்களைத் திரட்டிக்கொண்டு போவது

நம்மிடையே இது அடிக்கடி நடக்கும். விஷயம் தெரிந்ததும் ‘அண்ணன்மார்’ நாலு பேர் கிளம்பிப் போய் அவனைத் ‘தட்டிக் கேட்பார்கள்’. அடி விழுந்தால் அடித்தவர்கள் மேல் போலீஸ் ரிப்போர்ட் போகும், படிப்பும் போகும். அவன் பட்ட அவமானத்துக்கான வட்டியை அன்றிரவு அவள்தான் கட்டுவாள். “யாரிடம் சொன்னாய்” என்று அவள் கைப்பேசியைத்தான் முதலில் குடைவான். அவளைக் கேட்காமல் அவனிடம் யாரும் பேசக் கூடாது என்பதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு போன் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. ஹாஸ்டலில் தங்கிக் காதலிக்கும் பல பெண்கள் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். “உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன், போட்டோவ அனுப்பிடுவேன்” என்பதுதான் அவன் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதமாகக்கூட இருக்கலாம். நல்ல எண்ணத்தில் அம்மாவை அழைக்கும் தோழி, அந்த ஆயுதத்தை அவனுக்குப் பதிலாகத் தானே வெடிக்க வைக்கிறாள். படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டால், அடுத்த முறை எந்தப் பெண்ணும் எவரிடமும் வாய் திறக்க மாட்டாள். வீட்டில் யாரிடம் சொல்லலாம், சின்னம்மாவா, அண்ணியா, அல்லது எவரிடமுமே வேண்டாமா என்பது அவள் முடிவு.

வீடியோ எடுப்பது சரிதான், ஆனால் வேறு யாராவது உதவிக்குப் போயிருக்க வேண்டும். எடுத்ததை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். டிக்டாக்கில் போட்டால் அது இரண்டாவது தாக்குதல்.

“விட்டுட்டு வா” என்ற அறிவுரை

பிரியும் நேரமும் பிரிந்த பிறகான வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. அதனால் ‘விட்டுட்டு வா’ என்று சொல்லாமல், மறுநாள் அவளைத் தனியாகச் சந்தித்து, “நேத்து பார்த்தேன். உன் மேல தப்பில்ல. நான் என்ன செய்யணும்னு நீ சொல்லு” என்று ஆரம்பிப்பதே நல்லது. ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. கழுத்தை நெரித்ததாகச் சொன்னால், தோலில் தடம் இல்லாவிட்டாலும் குரல் கம்முகிறதா, விழுங்க வலிக்கிறதா என்று கேட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். முதலில் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இத்தகையவர்களுக்கென்றே, எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ‘ஒன் ஸ்டாப்’ நெருக்கடி மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. முதல் மையம் கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994இல் தொடங்கியது.

சட்டத்தைத் தப்பாகச் சொல்வது

பட்டறைகளில் கேட்கும் மிக மோசமான பிழை: “குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம்.” 1994ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கணவன் மனைவி, மணமுறிவு பெற்றவர்கள், பிள்ளைகள், குடும்பத்தினர் ஆகியோருக்கானது. திருமணமாகாத காதலர்கள் அதற்குள் வரமாட்டார்கள். அந்த நம்பிக்கையில் போய் ஏமாந்து திரும்பும் பெண் மறுபடி எங்கும் போக மாட்டாள். அவளுக்கு உதவுவது தண்டனைச் சட்டம்: காயம் விளைவித்தலுக்கு 323ஆம் பிரிவு, மிரட்டலுக்கு 506, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 2023இல் வந்த 507ஏ. இந்தக் கடைசிப் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. திரும்பத் திரும்ப நடந்ததைக் காட்ட வேண்டும் என்பதால் தேதி, நேரம், இடம், ஸ்கிரீன்ஷாட் என்று நண்பர் எழுதி வைக்கும் குறிப்புக்கு இங்கே மதிப்பு அதிகம்.

முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதினரும் இருப்பார்கள். பதினெட்டு நிரம்பாதவர்மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காவிட்டால், சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்கீழ் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் விதிக்கலாம். விஷயம் தெரிந்த நண்பரையும் இது கட்டுப்படுத்தும்.

அரங்கம் நிறைய ஆள்

முந்நூறு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினால் புகைப்படம் நன்றாக வரும், அவ்வளவுதான். இருபது, இருபத்தைந்து பேர், ஓர் ஆண் ஒரு பெண் நடத்துநர், குறைந்தது தொண்ணூறு நிமிடம். முடிந்தால் இரண்டு மூன்று அமர்வுகள். இந்த எண்ணிக்கையில் இருப்பவர்களில் யாரோ ஒருவருக்கு இதெல்லாம் சொந்த அனுபவமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஆலோசகர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கட்டும்; ஆனால் அந்த அறைக் கதவு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தால் யாரும் நுழைய மாட்டார்கள்.

எண்களைக் கடைசி ஸ்லைடில் போடுவதைவிட அங்கேயே கைப்பேசியில் பதிய வைப்பது மேல்: அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999, பெண்களுக்கு உதவும் அமைப்புகளான டபிள்யூ.ஏ.ஓ 03-3000 8858, பினாங்கு டபிள்யூ.சி.சி 04-228 0342. கைப்பேசியைக் காதலன் சோதிக்கிறான் என்றால் ‘கேக் கடை’, ‘தையல் அக்கா’ என்று வேறு பெயரில் பதியலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.