வெளியே தெரியாத நோயோடு சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு: காரை எங்கே நிறுத்துவது, யாரிடம் என்ன சொல்வது

லண்டன், டொராண்டோ, சிட்னி என்று எங்கெங்கோ பல காலம் வாழ்ந்துவிட்டு இப்போது சென்னையில் வீடு பிடிக்கும் தமிழர்களில், நோயை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே திடமாகத் தெரிகிறவர்கள் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ். என்ற நரம்பு நோய்), இதயச் செயலிழப்பு, நுரையீரல் நோய், முடக்குவாதம், பெருங்குடல் அழற்சி, கூட்டமும் சத்தமும் தாங்காத ஆட்டிசப் பிள்ளை. எனக்கு இருப்பது முதலாவது. வீடு, பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காரை எங்கே நிறுத்துவது, அதற்காக யாரிடம் வாயைத் திறப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில், மாற்றுத்திறனாளிகள் காரை நிறுத்த இங்கிலாந்தில் கொடுக்கும் ப்ளூ பேட்ஜ் என்ற அட்டையை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 30 முதல் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் அதைப் பெறலாம் என்று விதி மாறியது. ஒண்டாரியோவிலும் இதய நோயோ நுரையீரல் நோயோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மருத்துவர் கையெழுத்தோடு அனுமதி அட்டை கிடைக்கும். அந்த அட்டையின் பெரிய உதவி இடம் கொடுப்பது மட்டுமல்ல. உங்களுக்குப் பதிலாக அது பேசிவிடுகிறது. சென்னையில் கார் கண்ணாடியில் வைக்க அப்படி ஒரு அரசு அட்டை கிடையாது. சக்கர நாற்காலிப் படம் போட்ட ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு ஸ்டிக்கரின் விலையைத் தவிர வேறு மதிப்பு இல்லை.

ஆகவே உங்கள் நோயை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வாசலில் விசில் ஊதிக்கொண்டு நிற்கும் செக்யூரிட்டி. அவர் கண் நேராகக் கார் கதவுக்குக் கீழே போகும். ஊன்றுகோல் இறங்கினால், மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்தக் கட்டத்தின் சங்கிலியை அவிழ்ப்பார். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வந்தால் கேள்வியே இல்லை. இரண்டு கால்களும் நேராக இறங்கினால், "சார், இது அவங்களுக்கு" என்பார். அவங்களில் நீங்களும் ஒருவர் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இந்த ஊரின் கற்பனையில் மாற்றுத்திறன் என்றால் சக்கர நாற்காலிதான். மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலைக்கு அருகில் வரை போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த நகரத்தில் அணுகல் வசதி என்ற பேச்சு சாய்தளத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறவருக்கும், நூறு அடி நடந்தால் கால் மரத்துப்போகிறவருக்கும் அந்தப் பேச்சில் இடம் இல்லை.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணத்தை நீங்கள் விமானத்திலேயே பார்த்திருப்பீர்கள். மொழி தெரியாத பயம், நீண்ட வரிசை, தனியாக வரும் அம்மாவுக்குத் துணை வேண்டும் என்ற கவலை என்று பல காரணங்களுக்காகச் சக்கர நாற்காலி கேட்பது நம்மவர்களிடம் பழக்கமாகிவிட்டது. இறங்கியதும் எழுந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியின் கடனை நாம்தான் அடைக்கிறோம். விமான நிலையத்தில் உங்களுக்கு உதவி தேவையென்றால் கூச்சப்படாமல் 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். செயலியில் பிடிக்கும் வாடகைக் காருக்கு முனையத்திலிருந்து பன்மாடி வாகன நிறுத்தம் வரை போகவேண்டும். அந்த நடை உங்களுக்கு முடியாது என்றால் பேட்டரி காரைக் கேளுங்கள், அல்லது உறவினரை வாசலுக்கே வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. பெண்ணுக்கு வலிப்பு என்பதையும் பையனுக்கு மனநோய் மாத்திரை என்பதையும் கல்யாணம் முடியும்வரை மறைத்து வைக்கிற சமூகம் இது. எல்லா வீட்டிலும் மறைத்தால், யாருக்கும் எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நீங்கள் வெளிப்படையாகச் சொல்லும்போது அத்தை, மாமாக்கள் சங்கடப்படுவார்கள். தயாராக இருங்கள்.

வாசலில் என்ன சொல்வது

நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்றால் செக்யூரிட்டிக்கு மட்டுமல்ல, பல படித்தவர்களுக்கும் அது வெறும் ஓசை. உடம்பு எதைச் செய்யாது என்பதைச் சொல்லுங்கள். "அண்ணா, எனக்கு நரம்பு நோய். தூரம் நடந்தால் கால் வராது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் இடம் வேண்டும்." இதயம், மூச்சு, நரம்பு என்ற மூன்று சொற்களும் இந்த ஊரில் எங்கும் செல்லுபடியாகும். குடல் நோய் உள்ளவர், "அவசரமாகக் கழிப்பறைக்குப் போகவேண்டி வரும், அடக்க முடியாது" என்று சொன்னால் போதும்; வேறு விளக்கம் யாரும் கேட்கமாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி விடுவார்கள்.

வயதில் பெரியவர் என்றால் "ஐயா", இளையவர் என்றால் "தம்பி". இது மரியாதைக்காக மட்டும் இல்லை. அந்த மனிதர் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கிறார். தவறான வண்டியை விட்டால் மேலாளரிடம் திட்டு வாங்குவது அவர்தான். வெளிநாட்டுத் தோரணையில் "இது என் உரிமை" என்று ஆரம்பித்தால் அவர் விதிக்குள் ஒளிந்துகொள்வார். ஐம்பது ரூபாயை நீட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த முறை ஐம்பது இல்லாமல் வருகிற இன்னொரு நோயாளிக்கு நீங்கள் விலை வைத்துவிட்டுப் போகிறீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம். சக்கர நாற்காலி வரைந்த கட்டம் 3.6 மீட்டர் அகலம் இருக்கவேண்டும், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அந்த அகலம் எதற்கு என்றால், கார்க் கதவை முழுதாகத் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் வைத்து இறங்குவதற்கு. நம்மில் பலருக்கு வேண்டியது அகலம் அல்ல, அருகாமை. ஆகவே அந்தக் கட்டத்தையே கேட்காமல், லிஃப்ட் அருகே உள்ள எந்தச் சாதாரண இடத்தையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும். உண்மையில், கட்டத்தைக் கேட்டால்தான் சிக்கல்: அங்கே பூந்தொட்டியோ, ஜெனரேட்டரோ, முதலாளியின் காரோ, பத்து இருசக்கர வாகனங்களோ ஏற்கெனவே குடியிருக்கும்.

சொன்னபிறகு கிடைக்கும் வரவேற்பு பலரைத் திகைக்க வைக்கும். லண்டனில் என் காரின் கண்ணாடியில் "உங்களைப் பார்த்தால் ஊனமுற்றவராகத் தெரியவில்லை" என்று பெயரில்லாத சீட்டு வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. இங்கே சீட்டு வைக்கமாட்டார்கள். நேராக வந்து கேட்பார்கள்: என்ன நோய், எத்தனை வருடமாக, பிள்ளைகள் உண்டா, சித்த வைத்தியம் பார்த்தீர்களா, வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனீர்களா. காரை நிறுத்தக் கேட்ட இடத்தில் ஜாதகம் வரை போய்விடும். எரிச்சல்தான். ஆனால் அந்தப் பெயரில்லாத சீட்டைவிட இது எனக்குச் சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் பதில் சொல்ல ஒரு முகம் எதிரே இருக்கிறது. விவரம் சொல்ல விருப்பமில்லாத நாளில் "டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்பது நல்ல முற்றுப்புள்ளி. டாக்டர் சொன்னால் இங்கே யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே கால் தளர்வதும் பார்வை மங்குவதும் நடக்கும். மே மாதக் கத்திரி வெயிலில், நிழலே இல்லாத திறந்தவெளி வாகன நிறுத்தத்திலிருந்து கடைவாசல் வரை நடப்பது அந்த அரை டிகிரிக்குத் தாராளமாகப் போதும். வேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சென்னையின் நிஜமான வழி

இந்த ஊரில் கார் வைத்திருக்கும் நோயாளிகள் வாகன நிறுத்தப் பிரச்சினையைத் தீர்ப்பது கட்டத்தால் அல்ல, ஆக்டிங் டிரைவரால். மணிக்கணக்கில் வந்து உங்கள் காரை ஓட்டிக் கொடுப்பவர். உங்களை வாசலில் இறக்கிவிட்டு எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்துவார், தொலைபேசியில் கூப்பிட்டால் வாசலுக்கே வருவார். பாண்டி பஜார், மயிலாப்பூர் மாட வீதிகள், எந்தக் கல்யாண மண்டபமும் இப்படித்தான் சாத்தியம். வசதி உள்ளவர்கள் எல்லோரும் இப்படித் தப்பித்துக்கொள்வதால்தான் நிறுத்தக் கட்டத்துக்காகக் குரல் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று என்பது என் சந்தேகம். ஆனாலும் உங்கள் முதல் மாதத்தில் கொள்கையைவிட முழங்கால் முக்கியம். நம்பகமான இரண்டு பேரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. அதற்குள் கல்லூரி மாணவர்களும் உண்டு. தயங்காமல் முன்னே போங்கள்.

வீடு பார்க்கும்போது கார் நிறுத்துமிடத்தை லிஃப்டோடு சேர்த்துப் பாருங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்று உரிமையாளரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள். லிஃப்ட் அருகில் உள்ள இடம் உங்களுக்கு ஒதுக்கப்படவில்லை என்றால் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, இடம் மாற்றிக்கொள்ள யாராவது முன்வருவார்களா என்று கேட்கலாம். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதைவிட, செயலாளர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துக்கொண்டு கேட்பது பலன் தரும்.

அட்டை, சட்டம், புகார்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் உள்ளே வந்தன. மனநோய் முன்பே பட்டியலில் இருந்தது. இதய நோயும் நுரையீரல் நோயும் குடல் நோயும் பட்டியலில் தனி வகையாக இல்லை. முடக்குவாதம் உங்கள் நடமாட்டத்தைக் குறைத்திருந்தால் அந்த அளவுக்குக் கை, கால் இயக்கக் குறைபாடாக மதிப்பிடுவார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டோடு திரும்புகிறவர்கள் யூ.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், மனநலம் சார்ந்தவற்றுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டைக்கு நிறம் உண்டு. வெளிநாட்டு மருத்துவரின் கடிதம் சான்றிதழ் ஆகாது, ஆனால் ஸ்கேன் படங்களும் பழைய அறிக்கைகளும் மதிப்பீட்டில் மிகவும் உதவும்; பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவாருங்கள். அட்டைக்கு வழியில்லாதவர்கள், இங்கே பார்க்கும் நிபுணரிடம் மருத்துவமனைத் தாளில் தமிழில் நான்கு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் முத்திரை போட்ட தாளுக்கு இருக்கும் மவுசு தனி.

யாராவது "நடிக்கிறீர்கள்" என்றால், சட்டத்தின் 92ஆவது பிரிவு நினைவிருக்கட்டும்: பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துவது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போலியாகச் சலுகை பெறுகிறவர்களுக்கு 91ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. போலிகளைப் பிடிப்பது அந்தப் பிரிவின் வேலை, அடுத்த காரில் இருப்பவரின் வேலை அல்ல. இதையெல்லாம் வாசலில் ஒப்பிக்க வேண்டாம். காவலாளியை மிரட்டுவதற்கான பிரிவுகள் அல்ல இவை.

நிறுத்தக் கட்டமே இல்லாத, அல்லது இருந்தும் அடைத்து வைத்திருக்கும் கட்டிடத்தைப் பற்றித்தான் புகார் செய்யவேண்டும். அணுகல் விதிகளில் பல வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையும் அபராதம் உண்டு. மனுவை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். விசாரணையில் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் அவருக்கு உண்டு. தமிழில் ஒரு பக்கம், தேதி தெரியும் இரண்டு மூன்று புகைப்படங்கள், கட்டிட நிர்வாகத்துக்கு நீங்கள் முதலில் அனுப்பிய கடிதத்தின் நகல் போதும். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆளை அனுப்பியும் கொடுக்கலாம், ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பலாம். அதற்காக நீங்களே அலைந்து அங்கேயும் கார் நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை.