‘பையனுக்கு டிஸ்லெக்சியா’ என்று எழுதும் முன்: கற்றல் குறைபாட்டு மையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் மையத்தில் இரண்டு கூட்டம் சேரும். ஒன்று, போன வருட மார்க் ஷீட்டும் டீச்சர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுமாக வரும் பெற்றோர்கள். இன்னொன்று, பயிற்சிக்கு வரும் புது மாணவர்கள். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மையம் என்பதால், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு என்று வரும் குழந்தைகளை முதலில் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான். சென்ற வாரம் அவர்களில் ஒரு பெண் சோதனை அறையிலிருந்து வெளியே வந்து, "மேடம், மூணாங்கிளாஸ் பையன், 'was', 'saw' ரெண்டையும் மாத்தி மாத்திப் படிக்கிறான். கிளியர் டிஸ்லெக்சியா" என்றார். டிஸ்லெக்சியா என்றால் புத்தியில் குறை இல்லாமலே வாசிப்பு மட்டும் சிக்கலாகும் கற்றல் குறைபாடு. பையன் உள்ளே போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு காலத்தில் அதே வராந்தாவில் நின்று அதே தோரணையில் நான் சொன்ன வாக்கியம் அது. அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

ஸ்டாப்வாட்ச் எடுக்க மறப்பது, வயதைத் தப்பாகக் கணக்குப் போடுவது, பசியோடு வந்த குழந்தையைச் சோதனைக்கு உட்கார வைப்பது எல்லாம் பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ஆங்கிலத்தில் மட்டும் படிக்க வைத்துப் பார்ப்பது

2016இல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். தனியார் ஆங்கிலவழிப் பள்ளி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அம்மா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலப் பத்தி கொடுத்தேன், முதல் வரியைத் தாண்டவில்லை. ஸ்பெல்லிங் கேட்டேன், பத்துக்கு ஒன்று. நுண்ணறிவுச் சோதனையில் குறையேதும் இல்லை. வயதுக்கேற்ற புத்தி இருக்கிறது, வாசிப்பு இரண்டு வகுப்புக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரியே வந்து வாய்த்த கேஸ் என்று எனக்கு ஒரே சந்தோஷம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று எழுதி, கடைசிப் பக்கத்தில் எல்லோரும் எழுதுகிற அந்த வரியையும் எழுதினேன்: மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு அளிக்கலாம்.

அந்த ஒரு வரியைப் பள்ளி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலவழிப் பள்ளியில் விலக்கு என்றால் எந்த மொழி போகும்? தமிழ்தான். தமிழ் பீரியடில் பையனை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். வெளியே சிறப்புப் பயிற்சிக்கு மாதம் 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அப்பா கட்டினார்.

2018 ஜனவரியில் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கான அரசு நெறிமுறை வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்ந்த 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கு எப்படிச் சான்று தருவது என்று சொல்கிற நெறிமுறை. பள்ளி உடனே புது அறிக்கை கேட்டது, அம்மா பையனோடு திரும்ப வந்தார். இந்த முறை அவனைப் பார்த்தது என்னோடு வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர். அவர் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். பையன் படித்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்விக்குறி வந்த இடத்தில் குரலை ஏற்றிப் படித்தான்.

பழைய பாடம், மனப்பாடமாக இருக்கும் என்று நான்தான் முதலில் சொன்னேன். சரி என்று அவர் ஒரு தாளில் பொருளே இல்லாத சொற்களை எழுதிக் கொடுத்தார்: நெபாடு, கோசிளை, தவுமெரி. பையன் சிரித்துக்கொண்டே அதையும் தப்பில்லாமல் படித்துவிட்டு, "இது என்ன மிஸ், பேயோட பேரா?" என்று கேட்டான். இல்லாத சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால்தான் அது வரும். இவனுக்கு வந்தது.

அப்புறம்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலவழிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே மற்ற பிள்ளைகள் எல்கேஜியிலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள், இவனுக்கு யாரும் முதலிலிருந்து சொல்லித் தரவில்லை. போர்டில் இருந்ததைப் பார்த்து எழுதினான், அவ்வளவுதான். இதற்குப் பெயர் குறைபாடு இல்லை. பள்ளி மாறியது, யாரும் ஆங்கிலம் கற்றுக் கொடுக்கவில்லை. அவனுக்கு நன்றாக வந்த ஒரே மொழியை நான் எழுதிய ஒரு வரி பிடுங்கிக்கொண்டது. இன்றைக்கும் அந்தக் கோப்பு கண்ணில் பட்டால் எரிச்சலாக இருக்கிறது.

இத்தனைக்கும் விதி புத்தகத்திலேயே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிடும் நோயறிதல் கையேடு டிஎஸ்எம். 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, டிஎஸ்எம்-5, கற்றல் குறைபாடு என்று சொல்வதற்கு முன் விலக்க வேண்டிய காரணங்களைப் பட்டியலிடுகிறது. அறிவுத்திறன் குறைபாடு, சரிசெய்யாத பார்வை, செவித்திறன் கோளாறு இவற்றோடு, பாடம் நடத்தும் மொழியில் பழக்கமின்மையும் போதிய கற்பித்தல் இல்லாமையும் அதில் உண்டு. தேவையான உதவி கொடுத்துப் பார்த்த பிறகும் சிரமம் குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும் என்பதும் உண்டு. தேர்வுக்கு இதை ஒப்பிப்போம். அறைக்குள் போனதும் ஆங்கிலப் பத்தியைத்தான் கை எடுக்கும்.

தமிழில் சோதிக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியா எப்படித் தெரியுமோ அப்படியே தமிழிலும் தெரியும் என்று எதிர்பார்ப்பது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு ஒரு சொல்லில் ஒரு மாதிரியும் இன்னொரு சொல்லில் வேறு மாதிரியும் ஒலிக்கும். தமிழில் அந்தத் தொல்லை குறைவு. 247 எழுத்து என்றாலும், க சில இடத்தில் அழுத்தமாகவும் சில இடத்தில் மெலிதாகவும் ஒலிக்கும் என்பது போன்ற சில விஷயங்களைத் தவிர, பார்த்ததைப் படிக்கலாம். அதனால் நிஜமாகவே குறைபாடு உள்ள குழந்தைகூடத் தமிழில் தட்டுத் தடுமாறிச் சரியாகப் படித்துவிடும். ஆனால் மெதுவாக. நான்காம் வகுப்பிலும் 'கொ'வைப் பார்த்தால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று மூன்று துண்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். எத்தனை தப்பு என்று மட்டும் எண்ணினால் இந்தக் குழந்தையைக் கோட்டை விட்டுவிடுவோம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்றும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, ல, ள, ழ குழப்பத்தையும் ன, ண குழப்பத்தையும் எண்ணி எண்ணிப் பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சில் பெரும்பாலானவர்கள் இவற்றைப் பிரிப்பதே இல்லை. கடைப் பலகையில் தப்பு, கல்யாணப் பத்திரிகையில் தப்பு, நம் மையத்தின் அறிவிப்புப் பலகையிலேயே ஒன்று இருந்தது. அதை வைத்துக் குழந்தைக்கு முத்திரை குத்த முடியாது. புள்ளி விடுவது, குறில் நெடில் மாறுவது, எழுத்தின் வரிசை மாறுவது திரும்பத் திரும்ப வந்தால் கவனியுங்கள். 'வந்துவிட்டான்' என்று இருப்பதை 'வந்துட்டான்' என்று படித்தால் தப்பென்று போடாதீர்கள். அந்தக் குழந்தை பொருள் புரிந்துதான் படிக்கிறது.

நுண்ணறிவுச் சோதனைக் கேள்வியை அங்கேயே வாயால் தமிழாக்கிக் கேட்டுவிட்டு ஆங்கில அட்டவணையில் மதிப்பெண் பார்ப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்தான். சொற்களஞ்சியக் கேள்விகளில் தமிழாக்கும்போதே கடினம் மாறிவிடும். வாய்மொழிப் பகுதியையும் செயல்பாட்டுப் பகுதியையும் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்த எண்ணை மட்டும் எடுத்து எழுதினால், தமிழ் மட்டுமே பேசும் குழந்தை இல்லாத மந்தத்தோடு வீட்டுக்குப் போகும்.

ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, ஆங்கிலம் வராத எல்லாக் குழந்தையையும் "மொழிப் பிரச்சினைதான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள். நான் அந்தப் பக்கமும் ஒரு வருடம் சாய்ந்து கிடந்தேன். இரண்டு மொழியிலும் தடுமாறும் குழந்தைக்கு அந்த ஒரு வருடம் பெரிது.

இப்போது நான் பேனாவைத் திறக்கும் முன் கேட்பவை: வீட்டில் யார் யாரோடு எந்த மொழி, முதல் எழுத்தை யார் சொல்லிக் கொடுத்தது, எந்த வகுப்பில் பள்ளி மாறியது, கொரோனாவில் எந்த வகுப்பு. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு அ, ஆ சொல்லித் தர வேண்டிய வருடம் முழுசாகப் போய்விட்டது. அரசு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டு வந்ததே இந்த இடைவெளியை அடைக்கத்தான். அந்த வயதுக் குழந்தைகள் இன்னும் நம் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

காதும் கண்ணும்

காது கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராமும் கண் பரிசோதனைச் சீட்டும் வராமல் கோப்பைத் திறக்காதீர்கள்.

"என் முன்னாடி அமைதியாத்தான் இருந்தான்"

குளிரூட்டிய அறை, புது மேசை, கவனிக்க ஒரே ஒரு ஆள், நிமிடத்துக்கு ஒரு புது விளையாட்டு. இதில் எந்தக் குழந்தையும் நாற்பது நிமிடம் அடங்கி உட்காரும். இதை வைத்து ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு இடங்களிலாவது, அதாவது வீட்டிலும் பள்ளியிலும் என்பது போல, அறிகுறி இருக்க வேண்டும் என்பது விதி. கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்று இரண்டு பட்டியல், ஏதாவது ஒன்றிலாவது ஒன்பது அறிகுறிகளில் ஆறு, ஆறு மாதமாக. 17 வயது ஆகிவிட்டால் ஐந்து போதும்.

பள்ளிக்கு அனுப்பும் கேள்வித்தாளை எந்த டீச்சர் நிரப்பினார் என்று பாருங்கள். ஜூன் கடைசியில் நிரப்பினால் அவருக்குக் குழந்தையின் பெயரே அப்போதுதான் தெரிந்திருக்கும். ஓடாமல், கத்தாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பெண் குழந்தையை எந்த டீச்சரும் அனுப்ப மாட்டார். அவளைச் 'சோம்பேறி' என்று சொல்லிக் கூட்டி வருவது பெரும்பாலும் அம்மாதான்.

செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் வரும் கல்லூரி மாணவர்கள் தனி ரகம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நண்பன் சொல்லி வருவார்கள். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பதும் தவறு, நம்பி உடனே எழுதிக் கொடுப்பதும் தவறு. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். முன்பு இது 7 வயது என்று இருந்தது, 2013இல்தான் மாற்றினார்கள். அந்த வயது மாணவருக்கு நினைவிருக்காது. பழைய ராங்க் கார்டை வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள். "நன்றாகப் படிப்பான், கவனம் போதாது, பக்கத்தில் இருப்பவனோடு பேச்சு" என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருப்பார். எந்தக் கேள்வித்தாளையும்விட நான் நம்புவது அதைத்தான்.

ஆறு வயதில் சான்றிதழ்

கேட்பார்கள். 2018 நெறிமுறை முதல் சான்றிதழை 8 வயதில் வைத்தது, மறுபரிசோதனையை 14, 18இல் வைத்தது. 2024இலும் ஒரு திருத்தம் வந்தது. கடைசியாக வந்த அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

மருந்து

ஏடிஎச்டிக்கு மருந்து கொடுத்தால் அது பழக்கமாகிவிடுமா என்று கேட்பார்கள். அது மனநல மருத்துவர் பேச வேண்டியது. "பழகிடும்", "பழகாது" இரண்டையும் நீங்கள் சொல்லாதீர்கள்.

வராந்தாவில் முடிவு சொல்வது

கூடாது.

படிக்க முடியாத அறிக்கை

பன்னிரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் மட்டும் தெரிந்த அம்மா கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் அதைப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் காட்டுவார். நாம் ரகசியம் காக்கிற லட்சணம் இது. ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை, பள்ளியிடம் என்ன கேட்க வேண்டும். மொழி விலக்கு எழுதினால் எந்த மொழி, ஏன் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வேண்டாம் என்றால் "விலக்கு தேவையில்லை" என்பதையும் எழுதுங்கள்.

வரவேற்பு மேசையில் இருப்பவரைக் கேட்காமல் விடுவது

எங்கள் மையத்தில் டோக்கன் கொடுக்கும் அக்கா இருபது வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறார். நாம் குழந்தையைப் பார்ப்பது சோதனை நேரத்தில் மட்டும். அவர் அதற்கு முன் ஒரு மணி நேரம் பார்க்கிறார். யார் தண்ணீர்க் குழாயை மூடாமல் விட்டது, யார் தம்பியை அடித்தது, எந்த அப்பா வெளியே போய்ப் போனில் கத்தினார், எல்லாம் தெரியும்.

2018இல் அந்தப் பையன் தமிழ் படித்த கதையை மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அவனா? ரெண்டு வருஷம் முன்னாடி முதல் தடவை வந்தப்பவே இந்த நோட்டீஸ் போர்டு பூரா சத்தமாப் படிச்சானே. பக்கத்துல இருந்த பாட்டிக்கு டோக்கன் சீட்டுல இருந்ததையும் படிச்சுச் சொன்னான்" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே மேடம்."

இப்போது பதிவுத் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி இடம் விட்டிருக்கிறோம். அது அவர் எழுதுவதற்கு. சென்ற வாரம் வந்த அந்த மூன்றாம் வகுப்புப் பையனின் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். அக்காவின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'வீட்ல தெலுங்கு. அம்மா கூப்பிட்டா வலது பக்கம் இருந்தா திரும்புறான், இடது பக்கம் இருந்தா இல்ல.'

ஆடியோகிராம் திங்கட்கிழமை.