பழைய ஸ்டுடியோ ஒளியில் பெண்களைப் படமெடுக்க

மின்விளக்கு வருமுன் ஸ்டுடியோக்கள் வடக்குப் பக்கக் கண்ணாடியை நம்பின. அங்கே நேர்வெயில் விழாது. ஆனால் அது ஐரோப்பியக் கணக்கு. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெள்ளை மல் வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மூக்கு நிழல் வெட்டினாற்போல உதட்டில் விழும்.

ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்தால் ஒளி மேலிருந்து இறங்கி, கன்ன எலும்பு எடுபடும். ஜன்னலுக்கு 4 அடி தள்ளி நாற்காலி, அதற்கு 5 அடி பின்னால் திரை. எதிர்ப்பக்கம் 3 அடியில், ஒளியைத் திருப்பியடிக்க இன்னொரு வேட்டி. இரு கன்னமும் ஒரே வெளிச்சமானால் அதைத் தள்ளி வையுங்கள்.

பலர் சறுக்குவது நிறத்தில். 1851இல் வந்த கொலோடியன் பிளேட்டுக்கு (ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு) நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பு கறுக்கும், மஞ்சள் மங்கும், வெளிர்நீலம் வெளுக்கும். குங்குமம் கரும்பொட்டாவது அதனால்தான். டிஜிட்டல் படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் (நிற அடுக்குகளில்) நீலத்தை மட்டும் வைத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அரக்குச் சுங்குடி இருண்டு அதன் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சிடும், அழகு அதுதான். தங்கம் செத்துவிடும், வெள்ளைக்கல் நகை பிழைக்கும். மாநிறத் தோல் உள்ளதைவிடக் கறுக்கும். அதற்குப் பவுடர் பூச வேண்டாம். சிவப்புச் சேனலைக் கால்பங்கு கலந்தால் போதும்.

பூத்தைத்த சடையைக் காட்ட ஆளுயரக் கண்ணாடியைப் பின்னால் சாய்கோணத்தில் நிறுத்துவார்கள். இங்கே இரண்டு சிக்கல். முகம் ஜன்னலைப் பார்க்கும்போது சடை இருட்டில் நிற்கும். எதிர்ப்பக்க வேட்டியைக் கண்ணாடியோரம் நகர்த்துங்கள். அடுத்தது ஃபோகஸ். கண்ணாடியில் தெரியும் சடை, கேமராவிலிருந்து கண்ணாடிக்கும் அங்கிருந்து சடைக்கும் உள்ள தூரங்களைச் சேர்த்த தொலைவில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்கு ஃபோகஸ் வைத்தால் பூ மங்கும். முகத்துக்குச் சற்றுப் பின்னால் ஃபோகஸ் வைத்து, லென்ஸ் துளையை எஃப் 11க்குக் குறுக்குங்கள். மல்லிகை வெளுத்துப்போகாத அளவே எக்ஸ்போஷர்.

துளை குறுகுவதால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடி போகும். அன்று தலை அசையாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். இன்று உயர்முதுகு நாற்காலி போதும். மூச்சை விட்டு முடித்ததும் அழுத்துங்கள். சிரிக்கச் சொன்னால் உதடு கலங்கும். மேசைமேல் வைத்த கையின் விளிம்பு கேமராவைப் பார்க்கட்டும். புறங்கை பார்த்தால் முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.