கிறிஸ்துமஸ் அடுக்கு பார்: வாடைக்காற்றிலும் நமுத்துப் போகாமல் செய்வது எப்படி

டிசம்பர் 20 தாண்டிவிட்டால், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு முழுக்க எண்ணெய்ச் சட்டி வாசம்தான். ஒரு வீட்டில் அச்சுமுறுக்கு, அடுத்த வீட்டில் முந்திரிக்கொத்து, கோடி வீட்டில் கல்கல் உருட்டுவதற்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். இதோடு சேர்த்து ஐந்து வருடமாக நான் அடுக்கு பாரும் செய்கிறேன். அடியில் பிஸ்கட், அதன்மேல் சாக்லேட், பருப்பு, தேங்காய், எல்லாவற்றையும் பிடித்து வைக்க மேலே கண்டென்ஸ்டு மில்க். ஒரே தட்டில் பேக் செய்து சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்க வீடுகளில் பண்டிகைக்குச் செய்யும் பலகாரம் இது.

எனக்கு இது பிடித்துப்போனதற்கு முதல் காரணம், இதில் முட்டை இல்லை, ஒயின் இல்லை, ரம் இல்லை. டிசம்பரில் பக்கத்து வீட்டு அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார். கொடுத்த பிளம் கேக்கை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். கீழக்கரையில் இருக்கும் முஸ்லிம் தோழி வீட்டுக்கு ரம் ஊறிய கேக்கைக் கொண்டுபோகவே முடியாது. இதை எந்த வீட்டுக்கும் யோசிக்காமல் கொடுக்கலாம். அதனால்தான் இதன்மேல் மார்ஷ்மெல்லோ தூவாதீர்கள் என்று சொல்வேன். அதில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். வெனிலா எசென்ஸ் வாங்கும்போதும் ஆல்கஹால் சேர்த்ததா என்று பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஏலக்காய்ப் பொடி போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க அளவையும் முறையையும் அப்படியே எடுத்துச் செய்தால் நம் கரையில் இது நிற்காது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாம்; மேலே மழைக்காலம். திறந்து வைத்த மாரி பிஸ்கட் விடிவதற்குள் வளைந்துவிடும். முதல் வருடம் நான் பச்சைத் தேங்காய்த் துருவலை அப்படியே தூவினேன். மேலே பொன்னிறமாக அழகாகத்தான் வந்தது. கத்தியை வைத்தபோது அடிப் பிஸ்கட் ஈர மணல் மாதிரி உதிர்ந்து, ஒரு துண்டுகூட முழுதாக வெளியே வரவில்லை. அன்றைக்குப் புரிந்தது, இதில் செய்ய வேண்டிய வேலையே ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தண்ணீரை வெளியேற்றுவதுதான். தேங்காய்ப்பாலில் அல்வா மாதிரி செய்யும் கீழக்கரைத் தொதலைக் கிண்டுகிறவர்கள் எண்ணெய் பிரிந்து வரும்வரை கரண்டியை விடமாட்டார்கள் அல்லவா, அதே காரணம்தான். தண்ணீர் போனால்தான் பலகாரம் நிற்கும்.

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு அளவு சொல்கிறேன், 16 துண்டு வரும். மாரி பிஸ்கட் 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், முந்திரியும் வேர்க்கடலையும் சேர்ந்து 100 கிராம், தேங்காய்த் துருவல் 200 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 250 கிராம், கருப்பட்டி 100 கிராம். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம், இல்லையென்றால் இரண்டு சிட்டிகை.

முதலில் தேங்காய். முற்றின காயாகப் பார்த்து வெள்ளையை மட்டும் துருவுங்கள். தேங்காய்ப் பருப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான், அதனால் 200 கிராம் துருவல் வறுத்து முடியும்போது 110 கிராம் பக்கம் வந்து நிற்க வேண்டும். தராசு இருந்தால் போட்டுப் பாருங்கள், கண்ணை நம்புவதைவிட இது உறுதி. அடிகனமான சட்டியில், எண்ணெய் எதுவும் ஊற்றாமல், சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் ஆவி வரும், துருவல் கரண்டியில் ஒட்டிக்கொண்டு கனமாகப் புரளும். அப்புறம் ஒரு கட்டத்தில் சத்தம் மாறும், காய்ந்த இலையைக் கிளறுவது போல சலசலவென்று கேட்கும். நிறம் மாறுவதற்கு முன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுப்பில் பேக் ஆகும்போது அது தானாகச் சிவந்துகொள்ளும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துவிடும், அகலமான தட்டில் கொட்டி ஆறவிடுங்கள். கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலே போதும் என்பவர்கள் 100 கிராம் வாங்கினால் இந்த வேலை மிச்சம், ஆனால் வாசனை இந்த அளவுக்கு வராது.

அடுத்தது கருப்பட்டி. இது அமெரிக்கச் செய்முறையில் கிடையாது, நான் சேர்த்தது. கண்டென்ஸ்டு மில்க் வெறுமனே தித்திக்கும், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி அதற்கு ஒரு ஆழம் கொடுக்கும். நுணுக்கிப் போட்டு, நாலு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள். மண்ணும் தூசும் இருக்கும், பல்லில் ஒரு மணல் பட்டாலும் மொத்த பாரும் வீண். வடிகட்டியதைத் தேன் பதத்துக்குக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டு, மூன்று மேசைக்கரண்டி எடுத்துக் கண்டென்ஸ்டு மில்க்கில் கலக்குங்கள். சூட்டோடு ஊற்றினால் பால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. மில்க் டின்னில் மூன்றில் இரண்டு பங்கு போதும். மிச்சம் வைக்க மனமில்லாமல் முழு டின்னையும் ஊற்றினால் நடுப்பகுதி வேகாமல் பாயசமாக நிற்கும்.

இப்போது அடுக்குவது. ஓவனை 175 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். தட்டில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள், பின்னால் தூக்குவதற்கு அதுதான் கைப்பிடி. பிஸ்கட்டைப் பொடித்து உருக்கிய வெண்ணெயில் பிசறுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். தட்டில் கொட்டி, அடி தட்டையான எவர்சில்வர் டம்ளரால் நன்றாக அழுத்துங்கள், மூலைகளை விட்டுவிடாதீர்கள். இதை மட்டும் 8 நிமிடம் பேக் செய்து வெளியே எடுத்து, அந்தச் சூட்டிலேயே நறுக்கிய சாக்லேட்டைத் தூவுங்கள். மூன்று நிமிடத்தில் அது உருகியிருக்கும், கரண்டியால் ஓரம் வரை தடவி இறுக விடுங்கள். நம் ஊருக்கென்று நான் கண்ட வழி இது. சாக்லேட் ஒரு பூச்சு போல நின்று, மேலே இருக்கும் ஈரம் பிஸ்கட்டுக்கு இறங்காமல் தடுக்கும். நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்தில் உருகும், வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். பஸ்ஸில் வெளியூருக்குக் கொடுத்து விடுவதாக இருந்தால் மட்டும் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள். அதில் வேறு தாவரக் கொழுப்பு என்பதால் சூட்டுக்குக் கொஞ்சம் தாங்கும், ஆனால் ருசி ஒரு படி கீழேதான்.

சாக்லேட் இறுகியதும் வறுத்து உடைத்த பருப்பு, அதன்மேல் தேங்காய், கடைசியாகக் கருப்பட்டி கலந்த பால். பாலை ஒரே இடத்தில் கொட்டாமல் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றுங்கள். நடு அடுக்கில் வைத்து 25 முதல் 30 நிமிடம். ஓரமெல்லாம் குமிழியிட்டுச் சிவந்து, நடுவில் தட்டை ஆட்டினால் லேசாகத் தளும்பும்போது எடுத்துவிடுங்கள், ஆறும்போது அது இறுகும். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால் ஓரம் மிட்டாய் போலக் கல்லாகிவிடும். மழையில் பாதியில் கரண்ட் போனால் பதறி ஓவன் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் சூடு கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான அலுமினியச் சட்டி போதும், தட்டு உள்ளே இறங்குகிற அளவு பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். நமக்கு வாலிநோக்கம் உப்பளம் பக்கத்தில்தான், உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மாதத்து உப்பு ஈரமாக இருக்கும், முதலில் மூடாமல் வைத்துப் படபடவென்று வெடிப்பது அடங்கட்டும். அப்புறம் தட்டை வைத்து மூடி, சிறு தீயில் 40 நிமிடம். மூடியில் சேரும் தண்ணீர் சொட்டாமல் இருக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடையுங்கள், கடைசிப் பத்து நிமிடம் மூடியை ஒருக்களித்து வையுங்கள். மேலே அவ்வளவாகச் சிவக்காது, அதனால் இந்த முறைக்கு மட்டும் தேங்காயைப் பொன்னிறமாகவே வறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்ட அவசரப்படாதீர்கள். இரண்டு மணி நேரம் வெளியே ஆறி, அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் நண்டும் மீனும் இல்லாத நாள் ஏது? வெண்ணெயும் சாக்லேட்டும் பக்கத்தில் இருக்கும் வாடையை அப்படியே பிடித்துக்கொள்ளும். பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் ஃபாயில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவுக்குள் வையுங்கள். நான் 22ஆம் தேதி தேங்காய் வறுத்துக் கருப்பட்டி காய்ச்சிவிடுவேன், 23 சாயங்காலம் பேக் செய்வேன், 24 காலையில் வெட்டுவேன். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே அழுத்தாக இறக்குங்கள். அறுக்கிற மாதிரி இழுத்தால் அடுக்கு கலைந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். சரியாக வந்திருந்தால் பக்கவாட்டில் பழுப்பு, கறுப்பு, மறுபடி பழுப்பு என்று கோடு கோடாகத் தெரியும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். வெளியே நாலு நாள், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். ராத்திரிப் பூசை முடிந்து வந்து தட்டில் எடுத்து வைக்கும்போது அச்சுமுறுக்குக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், இதன் பிசுபிசுப்பு பட்டு முறுக்கு நமுத்துவிடும். தனித் தட்டில், சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக வைத்து, முதல் தட்டை மாலை போட்டிருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன்.