குழந்தைகளின் தோலடி வீக்கங்களை ஸ்கேன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையின் கழுத்திலோ மார்பிலோ ஒரு வீக்கம் தென்பட்டால் முதலில் எழுதித் தரப்படுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். அதில் கதிர்வீச்சு இல்லை. மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் உடலின்மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோபில், வயிற்றுக்கான வளைந்த புரோபையே இங்கும் எடுத்தால், தோலுக்கு அரை சென்டிமீட்டர் அடியில் இருப்பது மங்கலாகவே தெரியும். இதற்கு 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், நேரான முகமுடைய லீனியர் புரோப் வேண்டும்.

கருவி சரியாக இருந்தும் கை கெடுத்துவிடுவதுண்டு. சற்றே அழுத்தினாலும் சிரைகள் நசுங்கி, உள்ளே ஓடும் மெல்லிய இரத்த ஓட்டம், ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறையான டாப்ளரில் மறைந்துவிடும். இரத்தநாளக் கட்டி வெறும் சதைக்கட்டி போலத் தோன்றும். ஜெல்லைத் தாராளமாக இட்டு, சுண்டுவிரலைக் குழந்தையின் தோளில் ஊன்றி, புரோபின் முகம் அந்த ஜெல்லின் மேல் மிதப்பதுபோல் பிடிக்க வேண்டும். டாப்ளரின் வேக அளவையும் குறைத்துவைக்க வேண்டும். குழந்தை அடங்கட்டும் என்று காத்திருப்பது பொதுவாக நல்லதுதான் என்றாலும், அழும்போது மட்டும் புடைக்கும் கழுத்து வீக்கத்தை அழுகை ஓய்ந்தபின் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிடக் கூடாது. முக்கும்போது விரியும் கழுத்துச் சிரை அந்நேரம் சுருங்கியிருக்கும்.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது, வளரும் உடலின் இயல்பை நோயென்று எழுதிவிடுவது. 9, 10 வயதுச் சிறுமிக்கு ஒரு பக்க முலைக்காம்பின் அடியில் மட்டும் காசளவு வட்டமாகக் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்படலாம். மறுபக்கம் சில மாதம் கழித்தே எழலாம். அது மார்பக மொட்டு. கட்டியென்று எண்ணி அதை வெட்டி எடுத்தாலோ, ஊசி குத்திச் சதையெடுத்தாலோ, அந்தப் பக்க மார்பகம் பின்னர் சரியாக வளராமலே போகக்கூடும். ஆகவே இரு பக்கமும் பார்த்து ஒப்பிடாமல் அறிக்கை எழுதவே கூடாது. கழுத்தின் அடியில் எட்டிப் பார்க்கும், நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பியும் இப்படித்தான் ஏமாற்றும். மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸின் புள்ளிப் புள்ளியான அமைப்பே இதிலும் இருந்தால் ஐயம் தீரும். கழுத்தின் நடுக்கோட்டில் வரும் கட்டியை, தைராய்டு அதன் இடத்தில் இருப்பதை உறுதிசெய்யாமல் அறுவைக்கு அனுப்பக் கூடாது. சிலருக்கு அந்த வீக்கமே உடலில் உள்ள ஒரே தைராய்டு.

திடீர் விதைப்பை வலியோடு வரும் பையனுக்கு, டாப்ளரில் ஓட்டம் தெரிகிறது என்பதால் மட்டும் விரை முறுக்கிக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. முறுக்கு முழுமையாகாதபோது ஓட்டம் எஞ்சியிருக்கும். மறுபக்கத்தோடு ஒப்பிட்டு, விரையைத் தாங்கும் நாணைக் கவட்டைவரை பின்தொடர்ந்து முறுக்கு உள்ளதா என்று தேட வேண்டும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் முறுக்கை விடுவித்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஐயம் வலுவாக இருக்கும்போது ஸ்கேன் அறை காலியாகும்வரை பையனை உட்கார வைக்காமல் அறுவை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.