மியூனிக்கிலிருந்து டுப்ரோவ்னிக் வரை காரில்

வாடகைக் காரில் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியாகக் குரோவேஷியா செல்ல விரும்புவோர், அந்நாடுகளுக்குள் வண்டியை ஓட்ட அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் உறுதிசெய்த பிறகே விடுதிகளை முன்பதிவு செய்ய வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் உடன் வைத்திருப்பது நல்லது.

சாலைக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறுபடும். ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் விரைவுச்சாலையில் ஏறும் முன்பே விக்னெட் (குறிப்பிட்ட காலத்திற்கான சாலைக் கட்டண வில்லை) வாங்கிவிட வேண்டும். வழியில் வரும் டவர்ன், கரவாங்கன் சுரங்கப்பாதைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. குரோவேஷியாவிலோ ஓட்டிய தூரத்திற்கேற்பச் செலுத்த வேண்டும்.

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சென்றுவரக்கூடிய பகுதி) இருந்தாலும், டுப்ரோவ்னிக் செல்லும் பழைய கடலோரச் சாலை, ஷெங்கனில் சேராத போஸ்னியாவின் நியும் நகரைக் கடப்பதால், ஒருமுறை நுழைவு விசா (வெளியேறினால் மீண்டும் நுழைய முடியாதது) பெற்றவர்கள் அதைத் தவிர்த்து, 2022-இல் திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலத்தின் வழியே செல்வதே பாதுகாப்பானது. வழிகாட்டிச் செயலி குறுக்குவழியென நியும் சாலையைக் காட்டினாலும் ஏற்க வேண்டாம்.