நூறு அடியில் மூச்சு வாங்கிய ஃபார்மால்

அயோவாவுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், பக்கத்துப் பண்ணைத் தாத்தாவிடம் 1948 மாடல் ஃபார்மால் எச் டிராக்டர் ஒன்றை வாங்கினேன். பழைய டிராக்டர் இழுவைப் போட்டியில் இறங்கும் ஆசைதான். சும்மா ஓட்டினால் தையல் மிஷின் மாதிரி ஓடும். போட்டியில் இழுக்க வேண்டிய ஸ்லெட் என்ற பாரவண்டியைப் பின்னால் மாட்டினால் நூறு அடியில் இருமி நின்றுவிடும்.

ஸ்லெட் வெறும் பாரவண்டி இல்லை. இழுக்க இழுக்க அதன் எடைப்பெட்டி முன்னால் நகர்ந்து, முன்பக்கத் தட்டை மண்ணில் அழுத்தும். எஞ்சின் அதிகம் பெட்ரோல் கேட்பதும் அப்போதுதான்.

தீப்பொறிக்கான பிளக், பாயின்ட் மாற்றினேன், வீண் செலவு. டேங்குக்கு அடியில் அழுக்கைப் பிடிக்க இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவினேன்; அப்போதும் அதே இருமல். கடைசியில் தாத்தா, "கார்புரேட்டர் அடித்திருகைக் கழற்றி, பெட்ரோல் எப்படி வருகிறது என்று பார்" என்றார். முதலில் நன்றாகக் கொட்டியது. அரை நிமிடத்தில் நூலாக மெலிந்து சொட்டத் தொடங்கியது. பைப் கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் முழங்கை போல வளைந்த இணைப்பைக் கழற்றினால், உள்ளே விரல்நுனி அளவில் ஒரு வலை. டேங்கின் துரு காபித்தூள் போல அதில் அப்பியிருந்தது. அப்படி ஒரு வலை இருப்பதே எனக்குத் தெரியாது!

வலையைக் கழுவினேன். டேங்கை இறக்கி, சங்கிலித் துண்டும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன் (தோள்வலி தனிக்கதை). அப்புறம் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் குத்திச் சுத்தம் செய்தேன்.

அடுத்த போட்டியில் 260 அடி. முழு இழுவைக்கு 300 வேண்டும். இனி மண்ணில் பிடிப்பு கூட, பின் டயர் காற்றைக் குறைத்துப் பார்க்கணும்.